சோபாவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்

ஜூன் 2, திங்கள்

கரூரிலிருந்து பெட்டி வந்தது. சோபா உறை ஒன்று, மேசை விரிப்பு ஒன்று, கால்மிதி ஒன்று, படுக்கை விரிப்பு ஒன்று, திரைச்சீலை இரண்டு. கூடத்தில் பரப்பி வைத்தபோது சீர்வரிசை போல இருந்தது. தேங்காய் பழம்தான் குறை. எல்லாத் துணியிலும் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளி இழை ஓடுகிறதாம். யாராவது உட்கார்ந்தார்களா, எவ்வளவு கனம், யாராவது மிதித்தார்களா, எந்தத் தட்டு சூடாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியுமாம். தெரிந்ததை என் செல்போனுக்குச் சொல்லுமாம். இதுவரை அக்கம்பக்கத்தார் இலவசமாகச் செய்துவந்த வேலை.

நான் கையேடு எழுதுகிறவள். கோவையில் செய்கிற கிரைண்டர், மோட்டார், கெய்சர் எதை வாங்கினாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாள் பெரும்பாலும் என்னுடையது. "முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று இருபத்திரண்டு வருடத்தில் நானூறு முறையாவது எழுதியிருப்பேன். என் எழுத்து இல்லாத வீடு இந்த ஜில்லாவில் இல்லை. அதைப் படித்த வீடும் இல்லை.

இந்தமுறை வேலை கொடுத்திருப்பது பொன்னிழை என்ற வீட்டுத் துணிக் கம்பெனி. ஒரு நிபந்தனை: கையேடு எழுதுகிறவர் ஆறு வாரம் அந்தத் துணிகளோடு குடித்தனம் நடத்தி, தினமும் குறிப்பு எழுத வேண்டும். கம்பெனிக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இது எனக்கான நோட்டு.

மாலையில் என் கணவர் சோபா உறையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். குழந்தைவேலு, வயது ஐம்பத்தேழு; பல்லடம் ரோட்டில் ஒரு நூற்பாலையில் பஞ்சு வாங்கும் அதிகாரி. எந்தத் துணியைக் கண்டாலும் நிமிண்டிப் பார்ப்பார். கல்யாணத்தன்று என் முகூர்த்தப் புடவையையும் பார்த்தார்.

"நாப்பதாம் நம்பர் நூலு. இது எப்பப் பார்த்தாலும் முழிச்சுட்டே இருக்குமா?"

"என்ன நடந்தாலும் என் போன்ல வருமுங்க."

"அப்போ போன் வீட்டுல இருந்தாத்தான் வேலை செய்யும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன். கம்பெனி கொடுத்த தாளை அப்போது படித்திருக்கவில்லை. கையேடு எழுதுகிறவர்கள் கையேடு படிப்பதில்லை.

ஜூன் 6, வெள்ளி

பொன்னிழையில் இந்தத் துணியை உருவாக்கிய பெண் கூப்பிட்டாள். ஆஃப்ரின் என்று பெயர். குரலைக் கேட்டால் இருபத்தேழு இருக்கும்.

"மேடம், ஊருக்கு ஏதும் போயிருக்கீங்களா?"

"இல்லையே. வீட்லதான் இருக்கோம்."

"நாலு நாளா உங்க வீட்ல ஆளே இல்லைனு காட்டுது மேடம். கொஞ்சம் வீடியோ கால்ல வர்றீங்களா?"

போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். சோபா உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் பழைய போர்வை. மேசை விரிப்பின்மேல் தடித்த பிளாஸ்டிக் ஷீட். கால்மிதியின்மேல் சாக்கு, கால் துடைக்க. திரைச்சீலைகள் தரை துடைக்கும்போது படாமல் இருக்க முடிச்சுப் போட்டு மேலே. படுக்கை விரிப்பு பீரோவில், அந்துருண்டையோடு. விருந்தாளி வந்தால் விரிக்கலாம் என்று.

ஆஃப்ரின் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"மேடம், அது அழுக்காகறதுக்குத்தான் மேடம் கொடுத்திருக்கு."

"புதுசும்மா. மனசு வரலை."

"எங்கம்மாவும் இதேதான் பண்ணாங்க" என்றாள். பிறகு, இதில் மூன்று வருடமாக வேலை பார்ப்பதாகவும், என் வீட்டு முடிவை வைத்துத்தான் டைரக்டர் சம்பத் சார் இதைக் கடைக்கு அனுப்புவதா இல்லையா என்று முடிவு செய்வார் என்றும் சொன்னாள். இல்லையென்றால் அவளை பெட்ஷீட் செக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களாம்.

ஆறு வெளிநாட்டுச் சான்றிதழ் வாங்கிய துணி ஒரு பழைய போர்வையிடம் தோற்றிருக்கிறது. கம்பெனி நோட்டில் இதை வேறு வார்த்தைகளில் எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

போர்வை, ஷீட், சாக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கணவர் வெறும் சோபா உறையின்மேல், பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காருவது போல நுனியில் உட்கார்ந்தார். போன் உடனே அடித்தது. "அமர்தல் கண்டறியப்பட்டது." ஏதோ குற்றம் போல இருந்தது.

இந்தச் செய்திகளைத் திருத்துவதும் என் வேலை. "சோபாவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்" என்று மாற்றினேன். சம்பத் சார் போனில் சந்தேகப்பட்டார்.

"மேடம், பூனை ஏறி உட்கார்ந்தாலும் 'அமர்ந்திருக்கிறார்'னு வருமுங்களே?"

"வரட்டுங்க. பூனைக்கு மரியாதை கொடுத்தா நமக்குக் குறைஞ்சா போயிரும்?"

ஒத்துக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

கணவர் வழக்கம்போல எட்டரைக்குக் கேரியரோடு கிளம்பினார். நான் ஒன்பதேகாலுக்குப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். பத்து மணிக்கு பீளமேட்டில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது.

சோபாவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

ஆஃப்ரினைக் கூப்பிட்டேன். "போன் என்கிட்ட இருக்கே, அப்புறம் எப்படிம்மா வேலை செய்யுது?"

"வீட்ல வைஃபை இருந்தா போதும் மேடம். சோபாமேல ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். ஒரு வாரமாகச் சாரல். மொட்டைமாடியில் எதுவும் காயவில்லை. பாதி காய்ந்த துணியெல்லாம் சோபாவில் குவிந்து கிடந்தது. கம்பெனி நோட்டில்: "துணிக்குவியலை ஆள் என்று எண்ணுகிறது. சரிசெய்ய வேண்டும்."

போன் வீட்டில் இல்லாவிட்டாலும் துணி விழித்திருக்கும் என்பதைக் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

பத்து மணிக்கு மறுபடியும். நேற்று மாலையே துணியை மடித்து வைத்த ஞாபகம். ஞாபகத்தை அவ்வளவு நம்ப முடியாது.

ஜூன் 12, வியாழன்

இன்று செய்த வேலைகள்: கிச்சன் குழாய்க்கு வாஷர் மாற்றியது. கெய்சர் கையேட்டின் இரண்டாம் பதிப்பு. கணவரின் சட்டைகளை ஊறவைத்தது.

முப்பது வருடமாக அவர் சட்டையை ஊறவைக்குமுன் வாசலில் உதறுவேன். காலர், பாக்கெட் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். இன்று உதறினேன், ஒன்றும் பறக்கவில்லை. மில்லில் புது மேனேஜர் சுத்தக்காரர் போலிருக்கிறது. சாப்பாட்டுக் கேரியரும் சில மாதமாகக் கழுவித் துடைத்தே திரும்பி வருகிறது. மேனேஜர் மிகவும் சுத்தக்காரர்.

ஜூன் 13, வெள்ளி

அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பிளாஸ்க்கில் காபி ஊற்றி, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு, கிளம்புகிற அவசரத்தில் டைனிங் டேபிளிலேயே மறந்து வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் காலி. பிளாஸ்க் மூடி சரியில்லை, ஆவியாகியிருக்கும். ஆவியாகிற காபி, பிளாஸ்க்கைக் கழுவி மேடைமேல் கவிழ்த்தும் வைக்குமா என்பது பற்றி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

பிளாஸ்க்கை மறுபடியும் மறந்துவிட்டேன். முறுக்கு டப்பாவையும்.

ஜூன் 19, வியாழன்

அலுவலகத்தில் டைப் செய்யும் பெண் பல்லடத்திலிருந்து வருகிறவள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் மில்லு கேட்ல பூட்டுத் தொங்குதே, இப்ப அவுங்க எங்க போறாங்க?"

"அது வேற மில்லு. பல்லடம் ரோட்டுல மில்லுக்கா பஞ்சம்?" என்றேன். அவள் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சம்பந்தமில்லாமல் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் இவர் ஒரு டிப்ளமா பரீட்சை எழுதித் தோற்றுப்போனார். எனக்குத் தெரியாது. பதினொரு மாதம் கழித்து, பழனியில் அறுநூறு படி ஏறிய பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே, "வசந்தா, நான் அந்தப் பரீட்சையில பாஸாகலை" என்றார். மீதிப் படியை ரயில் வேகத்தில் ஏறினார். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்தான். ஆனால் சொல்ல வைத்ததற்கும் சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு. சொல்ல வைத்திருந்தால் மறுபடி என் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. திரைச்சீலையைத் துவைக்க வேண்டும். துவைக்கும் முறை கையேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது, இன்னும் எழுதவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பல் வலி. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "லீவா? நாள் பூராவுமா?" என்றார்.

"ஆமாங்க."

"நல்லது. ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். குடையை எடுக்கவில்லை. மில்லுக்குள் மழை பெய்யாது என்பதால் அவர் குடை எடுத்துப்போகும் வழக்கமில்லை.

பத்தரைக்குச் சாரல் பிடித்தது. பதினொன்றுக்குக் காற்றோடு மழை. ஜன்னலில் நின்று பார்த்தேன். திடீரென்று எனக்கு அலுவலகத்தில் அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்தது. பல் வலியோடு புடவை மாற்றிக்கொண்டு, சாம்பாரைச் சூடு செய்து மூடி வைத்து, துண்டு ஒன்றை நாற்காலியில் மறந்துவிட்டுக் கிளம்பினேன்.

தெரு முனையில் ஒரு பேக்கரி. கோவையில் எந்தத் தெரு முனையிலும் ஒரு பேக்கரி உண்டு. உள்ளே கடைசி பெஞ்சில் யாரோ ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. சட்டை, போன தீபாவளிக்கு நாங்கள் எடுத்தது போலவே இருந்தது. அந்தக் கடையில் அதே சட்டையை நூறு பேராவது எடுத்திருப்பார்கள்.

பேக்கரிக்காரரிடம், "பஸ் எப்ப வருமுங்க? நான் ஆபீசுக்குப் போய்ட்டு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவேன்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் என் நேரத்தைக் கேட்கவில்லை. பரவாயில்லை.

பஸ் அவினாசி ரோடு திரும்புவதற்குள் போன் அடித்தது. சோபாவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

பல் வலி அவ்வளவாக இல்லை.

ஜூன் 27, வெள்ளி

ஆஃப்ரின் கூப்பிட்டாள். ஜூலை 12-ஆம் தேதி சம்பத் சாரும் அவளும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆறு வாரக் கணக்கை எங்கள் டிவியில் போட்டுக் காட்டுவார்களாம். வீட்டில் இருக்கும் எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

"எல்லாரும் எதுக்கும்மா? நான் ஒருத்தி போதுமே."

"சார் கேக்கறார் மேடம். தினமும் பத்து மணிக்கு ஒரு ஆள் உட்கார்றதாக் காட்டுது, நீங்க துணிக்குவியல்னு எழுதறீங்க. துணின்னா என்னோட டிசைன்ல பெரிய தப்பு. நேர்ல பார்த்துத் தீர்த்துக்கலாம்னு சொல்றார்."

"அந்தக் கணக்கை நீ பார்த்தியா?"

"எனக்கும் ஆள் இருக்கா இல்லையானுதான் மேடம் தெரியும். மீதியெல்லாம் அன்னைக்கு சார் முன்னாடிதான் திறக்கணும். முன்னாடியே திறந்தா நானே திருத்திடுவேனாம்."

யோசித்தேன். துணிக்குவியல் என்று எழுதிவிட்டால் துணிக்குவியல் இருக்க வேண்டும். நாளையிலிருந்து தினமும் காலையில் கிளம்புமுன் சோபாவில் துவைத்த துணியை அள்ளிப் போடுவது என்று தீர்மானம். துவைக்க அழுக்கு இல்லாவிட்டால் பீரோவில் இருப்பதை எடுத்துப் போடுவது. ஆராய்ச்சி என்றால் ஒழுங்கு வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மாலையில் வந்து பார்த்தால் சோபாவில் போட்ட குவியலில் துண்டுகள் மட்டும் மடித்திருந்தன. மூன்றாக. நான் எப்போதும் இரண்டாகத்தான் மடிப்பேன். மூன்றாக மடிப்பது மில்காரர்கள் பழக்கம். காலையில் என்னையறியாமல் மடித்திருப்பேன்.

பிரித்து இரண்டாக மடித்து வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

இன்று வேட்டிகளும். மூன்றாக. பிரித்து மடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. இப்படியே போனால் ஆராய்ச்சிக்கு எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

ஜூலை 5, சனி

கம்பெனியிலிருந்து கேள்வித்தாள் வந்தது. கடைசிக் கேள்வி: "ஆறு வாரத்தில் துணி தந்த தகவல்கள் உண்மையானவையா? ஆம் / இல்லை." கீழே கையெழுத்து.

"இல்லை" என்று போட்டால் அந்தப் பெண்ணின் மூன்று வருடம் பெட்ஷீட் செக்கிங்குக்குப் போகும். "ஆம்" என்று போட்டால், தினமும் பத்து மணிக்கு என் வீட்டில் உட்காருகிறவர் யார் என்று கரூர்க்காரர் ஒருவர் என் கூடத்தில் நின்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். பழனிப் படி எதுவும் பக்கத்தில் இருக்காது.

அதாவது, அப்படி ஒருவர் இருந்தால்.

"இல்லை" மேல் பென்சிலால் டிக் போட்டேன். பேனா கையில் இருந்தது. இருந்தும் பென்சில்தான்.

ஜூலை 11, வெள்ளி

"நாளைக்கு உங்கக்கா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்களேன். ரொம்ப நாளாச்சு" என்றேன் கணவரிடம்.

"நாளைக்கு மீட்டிங்னியே? எல்லாரும் இருக்கோணும்னு போட்டிருக்குதே."

"நீங்க இல்லீன்னா ஒண்ணும் குறைஞ்சுராது."

என்னைப் பார்த்தார். "கரூர்ல இருந்து வர்றாங்க அம்மிணி. வீட்ல ஆம்பள இருந்து வாங்கன்னு சொல்லலைன்னா நல்லாருக்குமா?" என்று சொல்லிவிட்டு நீலச் சட்டையை அயர்ன் செய்யப் போனார்.

விருந்தாளிகளுக்குத் தேங்காய் பன் வாங்க இருவரும் தெரு முனைக்குப் போனோம். பேக்கரிக்காரர் கேட்காமலே இவருக்கு மட்டும் அரைச் சர்க்கரையில் டீ போட்டு நீட்டினார். எப்போதாவது போகும் கடையில் இவ்வளவு கவனிப்பு கிடைப்பது அபூர்வம்.

ஜூலை 12, சனி

பதினொரு மணிக்கு வந்தார்கள். சம்பத் சார் வெள்ளைச் சட்டைக்காரர். வாசலில் கால்மிதியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார். அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஆஃப்ரின் நான் நினைத்ததைவிடச் சிறியவளாக இருந்தாள். தேங்காய் பன்னைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள், கடிக்கவில்லை. என் கணவர் சோபாவை விட்டுவிட்டு மர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மடிக்கணினியை டிவியில் இணைத்தாள். ஆறு வாரம், நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக வந்தது. போர்வை போட்டிருந்த முதல் வாரம் காலி. அதன்பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு வேலை நாளிலும் பத்து மணியிலிருந்து நாலரை வரை ஒரு மஞ்சள் பட்டை.

"இதுதானுங்க எனக்குப் புரியலை" என்றார் சம்பத் சார். "மேடமும் சாரும் வேலைக்குப் போயாச்சு. வீடு பூட்டியிருக்கு. அப்ப இது யாரு?"

"துணிக்குவியலுங்க" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. "மழைக்காலம். காயாத துணியைப் போட்டு வெப்பேன். நோட்டுல எழுதியிருக்கேன்."

ஆஃப்ரின் எதையோ அழுத்தினாள். பட்டைக்குப் பக்கத்தில் எண்கள் வந்தன. அவளும் அவற்றை முதல்தடவையாகப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"மேடம், சாரி... இடது பக்கம் ஆறு கிலோ. அது துணிதான், நீங்க சொன்னது சரி. ஜூன் பத்தாம் தேதி ஒரு நாள், அப்புறம் கடைசி ரெண்டு வாரம் மட்டும் இருக்கு. வலது பக்கம் வேற. அது ஒரு மணிக்கு எழுந்து டைனிங் டேபிளுக்குப் போகுது."

"எது?"

"துணிக்குவியல், மேடம். இருபது நிமிஷம் சாப்பிடுது. திரும்பி வந்து உட்காருது."

"துணி சாப்புடுமா?" என்றார் சம்பத் சார்.

"பூனையா இருக்கும்" என்றேன். "பக்கத்து வீட்டுப் பூனை. ஜன்னல் வழியா வரும்."

"பூனை எழுபத்திரண்டு கிலோ இருக்கு மேடம்" என்றாள் ஆஃப்ரின், மிகவும் மெதுவாக.

"அப்ப உன் துணிதான் தப்பாச் சொல்லுது" என்றேன். இதைச் சொன்னதற்காக எனக்கு நல்ல கதி கிடைக்காது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பத் சார் பெருமூச்சு விட்டு, "மேடமே சொல்றாங்களேம்மா. அப்ப இதை மூட்டை கட்டிர வேண்டியதுதான்" என்று கேள்வித்தாளுக்குக் கை நீட்டினார். நான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டேன்.

"அந்த எழுபத்திரண்டு தப்புங்க" என்றார் என் கணவர்.

எல்லோரும் திரும்பினோம்.

"எழுபத்தொண்ணு. போன வாரம் மருந்துக்கடை மெஷின்ல ஏறிப் பார்த்தேன்." கொஞ்சம் யோசித்தார். "ஷூவைக் கழட்டிட்டு ஏறுனேன். பெல்ட்டும் போடலை. வீட்ல பெல்ட்டோடதான் உட்கார்ந்திருப்பேன். அதையும் சேர்த்தா எழுபத்திரண்டு வரும். சரியாத்தான் இருக்கு."

"யாரோடதுங்க?" என்றார் சம்பத் சார்.

"என்னோடது. அது நானுங்க. மார்ச்சுல மில்லை மூடிட்டாங்க. வீட்ல சொல்லலை." என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்தே சொன்னார். "இந்தப் பொண்ணு மூணு வருசம் பாடுபட்டிருக்குது. துணி ஒரு நாள்கூடப் பொய் சொல்லலை. ஆம்னு போட்டுக் குடு, வசந்தா."

சம்பத் சார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லீங்களே! பிரமாதம்! சார், ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்க சார்!" வேலை போனதைச் சொன்ன மனிதருக்கு இவ்வளவு உற்சாகமான வாழ்த்து உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

என் கணவர் எழுந்து போய் சோபாவில், அவருடைய வலது பக்கத்தில், உட்கார்ந்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். டிவியில் பெரிய எழுத்தில் என் வாக்கியம் வந்தது: சோபாவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

"போதும் சார்" என்று ஆஃப்ரின் டிவியை அணைத்தாள். பிறகு கேள்வித்தாளோடு ஒரு ரப்பரையும் என் பக்கமாக நீட்டினாள். டிக் பென்சிலில் இருந்ததை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு இருவரும் மிச்சமிருந்த தேங்காய் பன்னைச் சாப்பிட்டோம்.

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?" என்றார்.

"என்னதுங்க?"

"வசந்தா."

"ஜூன் பத்து." இந்த நோட்டில் அந்தத் தேதி இருக்கிறது. விஷயம்தான் இல்லை. "எனக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பதிமூணு. பிளாஸ்க் காபியில அரை ஸ்பூன் சர்க்கரை இருந்துச்சு. உனக்குச் சுகர் வந்து ஒரு வருசமாச்சு. நீ சர்க்கரை போட்டு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவியா?"

ஒரு மாதம். இரண்டு பேரும் ஒரு மாதம்.

"அப்ப ஏனுங்க சொல்லலை?"

பன்னின் மேலிருந்த தேங்காய்த் துருவலை விரலால் ஒதுக்கினார். "நீ தினமும் மறந்து மறந்து எதையாவது வெச்சுட்டுப் போனியா... அது நல்லாருந்துச்சு. சொல்லிட்டா நின்னுரும்னு நினைச்சேன்."

நான் சமையலறைக்குப் போய்ப் பிளாஸ்க்கைத் தேவையில்லாமல் கழுவினேன்.

"உடுமலையில ரெண்டு மில்லுக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்று கூடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார். "ஒண்ணுல வரச் சொல்லியிருக்காங்க. கிடைக்குமோ என்னமோ."

"கிடைக்கலைன்னா அன்னைக்கே சொல்லோணும். பதினொரு மாசம் பழனிக்குக் காத்துட்டிருக்க என்னால ஆகாது. முட்டி வலிக்குது."

"சரிங்க" என்றார். முப்பது வருடத்தில் முதல்தடவையாக எனக்கு 'ங்க' போட்டார்.

ஜூலை 14, திங்கள்

அவர் கேரியர் எடுக்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். பேக்கரிக்காரர் காலி பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அலுவலகத்தில் கையேட்டின் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். "சிக்கல்: வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஒருவர் இருப்பதாகக் காட்டுகிறது." எதிரே "துணிக்குவியலை அகற்றவும்" என்று முன்பு எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு எழுதினேன்: "தீர்வு: துணி சரியாகவே வேலை செய்கிறது. உடனே விசாரிக்க வேண்டாம். காபி வைத்துவிட்டுச் செல்லவும்."

சம்பத் சார் போனில் வந்தார். "மேடம், காபி எதுக்குங்க?"

பின்னால் ஆஃப்ரினின் குரல் கேட்டது: "இருக்கட்டும் சார். யார் படிக்கப் போறாங்க?"

மாலையில் வீடு திரும்பியபோது இவர் சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் துவைத்த துணி மொத்தமும் மடித்து அடுக்கியிருந்தது, என் புடவைகள் உட்பட. எல்லாம் மூன்றாக.

பீரோவில் அப்படியே வைத்தேன்.